மலர் அக்காவுக்குக் கட்டிய டெஸ்க்டாப்

நான் ஓய்வு பெறுவதற்கு ஒரு மாதம் முன்னால், எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் ஒரு கணினியைத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். திரையில் ஒரு பொத்தானை அழுத்தினார்கள்; காப்பி எடுத்துக்கொண்டு வருவதற்குள் படமும் ஜன்னலுமாக முழு டெஸ்க்டாப்பும் வந்து நின்றது. "ஏழு நிமிஷம் எடுக்குது, ரொம்ப மோசம்" என்று அவர்களில் ஒருவர் அலுத்துக்கொண்டார். என் வாய் சும்மா இருக்குமா? "ஒரே ஒரு டெஸ்க்டாப்பைக் கொண்டுவர எனக்கு ஆறு வாரம் ஆச்சு" என்று சொல்லிவிட்டேன். பெரிசு கதை விடுகிறது என்பதுபோல ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விடைபெறும் நாளில் கேக் வெட்டிய கையோடு, அந்த ஆறு வாரத்தை எழுதித் தந்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று பிடித்துக்கொண்டார்கள். அதுதான் இது.

என் பெயர் சாகுல். கீழக்கரைக்காரன். சென்னையில் ஒரு கப்பல் சரக்கு நிறுவனத்தில் டெலக்ஸ் இயந்திரம் பழுதுபார்ப்பவனாக வேலையைத் தொடங்கினேன். டெலக்ஸ் போய்க் கணினி வந்தபோது, "மெஷின் தெரிஞ்சவன்தானே, இதையும் பாரு" என்று அதையும் என் தலையில் கட்டினார்கள். நான் கணினி படித்த லட்சணம் அவ்வளவுதான். பிறகு மனைவியின் நர்ஸ் வேலை எங்களைச் சிட்னிக்கு இழுத்து வந்தது. வந்த புதிதில் செவன் ஹில்ஸில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கினேன். அப்புறம் இரண்டு மூன்று சின்ன இடங்கள். 2009இல், அதே செவன் ஹில்ஸ் தொழிற்பேட்டையின் கடைசித் தெருவில் இருந்த ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது.

பள்ளிக்கூடத் தொட்டி, நீச்சல் குளம், பண்ணைக் கிணறு என்று எங்கிருந்தெல்லாமோ தண்ணீர் போத்தலில் வரும். வந்த போத்தலின் எண்ணை, எடுத்த இடத்தை, நேரத்தை வாசலில் ஒருவர் பதிவு செய்வார். பிறகு அது குளிர் அறைக்குப் போகும். அங்கிருந்து பரிசோதனைக்குப் போகும். வாசலில் பதிவு செய்தவர்தான் மலர் அக்கா.

கணினி வேலையில் எனக்கு மேலே ஒரே ஒரு அதிகாரி. மயூரி. அவருக்கு இருபத்தொன்பது வயது, எனக்கு ஐம்பது. யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்குப் பிறந்து, இங்கே ஸ்ட்ராத்ஃபீல்டில் வளர்ந்த பிள்ளை. தமிழ் பேசுவார், எழுதப் படிக்கத் தெரியாது. முதல் நாள் அவரை "மேடம்" என்று கூப்பிட்டேன். "ப்ளீஸ் அங்கிள், அப்பிடிக் கூப்பிடாதீங்கோ. மயூரி எண்டு சொல்லுங்கோ" என்றார். மேலதிகாரியைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நாக்கு புரளவில்லை. ஆறு மாதம் எதுவும் சொல்லிக் கூப்பிடாமல், பக்கத்தில் போய் நின்று ஒரு தடவை இருமிவிட்டுப் பேசத் தொடங்கினேன். எனக்குக் காசநோய் இருக்கிறதோ என்று அவர் என் மனைவியிடம் ரகசியமாகக் கேட்டதாகப் பின்னால் தெரிந்தது.

மயூரியிடம் வேலை பார்ப்பது ஒரு தனி அனுபவம். அடுத்தவர் கீபோர்டை அவர் தொடவே மாட்டார். நாம் தப்பாகத் தட்டிக்கொண்டிருந்தாலும் பின்னால் கைகட்டி நின்று பார்ப்பார். எந்த மாற்றத்தையும் முதலில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் பேனாவால் ஆங்கிலத்தில் எழுதி அவரிடம் காட்டவேண்டும். அவர் காதில் ஒரு பென்சில் இருக்கும். எழுதியதை வாசித்து, சந்தேகமான வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பித் தருவார். என்ன சந்தேகம் என்று சொல்லமாட்டார். கேட்டால் "யோசிச்சுப் பாருங்கோ அங்கிள்" என்பார். என் மகள் வயதில் ஒருத்தி என்னை யோசிக்கச் சொல்வதா என்று எனக்குச் சுருக்கென்று இருக்கும். ஆனால் பத்தில் ஒன்பது தடவை அந்தக் கேள்விக்குறி சரியான இடத்தில்தான் நின்றிருக்கும்.

எங்கள் கூடத்துக் கணினிகள் எல்லாவற்றிலும் லினக்ஸ். அதிலும் மயூரி போட்டிருந்தது, மூல நிரலை இறக்கி நாமே கட்டிக்கொள்ளும் வகை. ஆயத்தச் சட்டை வாங்காமல் துணி எடுத்து அளவு கொடுத்துத் தைத்துக்கொள்வது போல. ஒரு கோப்பில் நமக்கு வேண்டிய வசதிகளின் பெயரை வரிசையாக எழுதவேண்டும். வேண்டாததற்கு முன்னால் ஒரு கழித்தல் குறி. அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் ஒவ்வொரு நிரலும் நம் கணினியிலேயே கம்பைல் ஆகும், அதாவது அங்கேயே தைக்கப்படும். மயூரியின் பட்டியலில் முதல் சொல்லே "கழித்தல் எக்ஸ்". எக்ஸ் என்பதுதான் திரையில் படம் வரைகிற நிரல். அது இல்லையென்றால் ஜன்னல்கள் இல்லை, மவுஸ் இல்லை, படம் இல்லை. கறுப்புத் திரையும் சாம்பல் எழுத்தும்தான். பழைய கணினிகள், அளவுமானிகளோடு பேசுகிற பழைய அட்டைகள். பாரம் ஏற்றினால் படுத்துவிடும் என்பது அவர் கட்சி.

மலர் அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவர். மானிப்பாய்க்காரர். மண்டபம் அகதி முகாமில் சில காலம் இருந்துவிட்டு இங்கே வந்தவர். கணவர் இல்லை. எங்கள் கூடத்தில் பன்னிரண்டு வருடமாக வாசல் மேசையில் இருந்தார். கீபோர்டைப் பார்க்காமல் தட்டுவார். சத்தம் மழை பெய்கிற மாதிரி இருக்கும். 2009 கடைசியில் அந்த மழை விட்டு விட்டுப் பெய்யத் தொடங்கியது. மூக்கு திரையில் முட்டுகிற அளவுக்குக் குனிய ஆரம்பித்தார்.

கண்ணின் நடுப்பார்வை மங்கி வருகிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஓரப் பார்வை இருக்கிறது. பெரிய எழுத்து, கறுப்பின்மேல் மஞ்சள் என்றால் வாசிக்கலாம். எங்கள் கறுப்புத் திரையில் எழுத்தை ஓரளவுக்குமேல் பெரிதாக்க வழியே இல்லை.

இந்த விஷயம் எனக்கு எல்லாருக்கும் முன்னால் தெரியும். எப்படியென்றால், அவருடைய கடிதங்களை நான்தான் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அவருடைய தங்கை மானிப்பாயிலிருந்து வாரம் ஒரு மின்னஞ்சல் போடுவார், தமிழில். சாப்பாட்டு நேரத்தில் என் மடிக்கணினியில் திறந்து நான் வாசிப்பேன். அக்கா சோற்றைப் பிசைந்தபடி கேட்பார். மாமரம், மழை, கோயில் திருவிழா எல்லாம் இருக்கும். சில சமயம் தங்கையின் புருஷனைப் பற்றியும் இருக்கும். அக்கா, தங்கை இருவருக்குள் இருக்கவேண்டிய பேச்சு. அந்த இடங்களில் எனக்குக் காது சூடாகும். ஒரு வரியைத் தாண்டி அடுத்த வரிக்குப் போய்விடுவேன்.

ஒருநாள் அக்கா சாப்பாட்டை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "தம்பி, இப்ப ஒரு வரியை விழுங்கிப்போட்டீங்கள்."

"இல்லையேக்கா."

"உங்கட குரல் ஏறி இறங்கினது எனக்குத் தெரியும். பரவாயில்லை, வாசிக்க உங்களுக்கும் கூச்சம்தானே. எனக்கு வந்த கடிதத்தை நானே வாசிக்கோணும் தம்பி. அதுதான் எனக்கு வேணும்."



அதே வாரத்தில் இன்னொரு அடியும் விழுந்தது. இரண்டு போத்தல்களின் எண்ணில் மூன்றை எட்டு என்று அக்கா பதிந்துவிட்டார். ஒரு பள்ளிக்கூடத்தின் முடிவு வேறொரு பள்ளிக்கூடத்துக்குப் போகப் பார்த்தது. நல்லவேளையாக அனுப்பும் முன் பிடிபட்டது. கூடத்து மேலாளர் கிரெக் கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் குடிதண்ணீர் விஷயம். ஆறு வாரம் தவணை கொடுத்தார். அதற்குள் முப்பது போத்தலைப் பிழையில்லாமல் பதிந்து காட்டினால் மேசை அக்காவுக்கு; இல்லாவிட்டால் போத்தல் கழுவும் பகுதிக்கு மாற்றம். சம்பளம் குறையாது என்றார். அக்கா சம்பளத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. "என்ர கண்ணால வாசிக்கிற வேலை முடிஞ்சுதெண்டு சொல்லுறார்" என்று மட்டும் சொன்னார்.

நான் மயூரியிடம் போய் இருமினேன்.

"மலர் அக்கா மேசைக்கு ஒரு டெஸ்க்டாப் போடணும்" என்றேன்.

"ஏன்?"

"எழுத்தைப் பெருசாக்கணும்."

"ஏன் எங்கட கறுப்புத் திரையில செய்யேலாது? ஆயத்த சிடி ஒண்டைப் போட்டா என்ன?"

ஆயத்த சிடியை முயன்று பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். அரை மணியில் அழகாக டெஸ்க்டாப் வந்தது. ஆனால் அளவுமானிகளின் பழைய அட்டையை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அந்த அட்டை மயூரி தைத்த சட்டையை மட்டுமே போட்டுக்கொள்ளும். இதைச் சொன்னதும் அவர் காதிலிருந்து பென்சிலை எடுத்துக் கொஞ்ச நேரம் உருட்டினார்.

"ஓகே. மைனஸை எடுங்கோ. ஆனா முழுக்க நீங்கதான் அங்கிள். ஒவ்வொரு கம்பைல் முடியவும் கடைசியில மெஷின் என்ன சொல்லுதெண்டு கொப்பியில எழுதிவைக்கோணும்."

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

முதல் வாரம் பட்டியல் எழுதுவதிலேயே போனது. எக்ஸுக்கு முன்னாலிருந்த கழித்தலை எடுத்தேன். திரை அட்டை எந்த இனம் என்று பார்த்து அதன் பெயரை எழுதினேன். அப்புறம் கை அரித்தது. பழைய கணினி, நினைவகம் கம்மி, எதையெல்லாம் வெட்டலாம்? ஒலி வேண்டாம், கழித்தல். அச்சு வேண்டாம், கழித்தல். வீடியோ, ப்ளூடூத், கழித்தல், கழித்தல். மொழிகள் என்று ஒரு வரி இருந்தது. ஆங்கிலம் மட்டும் போதும் என்று எழுதினேன். எழுத்துகளைக் கோத்துக் காட்டுகிற ஒரு நிரல் நூலகம், அதற்கும் கழித்தல். கஞ்சத்தனத்தில் அப்படி ஒரு சுகம் எனக்கு. நோட்டைப் பார்த்த மயூரி மூன்று இடத்தில் கேள்விக்குறி போட்டுத் தந்தார். இரண்டைத் திருத்தினேன். மூன்றாவது மொழி வரிக்குப் பக்கத்தில் இருந்தது. கூடத்தில் எல்லாரும் ஆங்கிலத்தில்தானே பதிகிறோம், இந்தப் பிள்ளைக்கு இதில் என்ன சந்தேகம் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போகுமுன் கட்டளையைத் தட்டினேன். இருநூற்றுச் சொச்சம் நிரல் பொதிகள். திரையில் வெள்ளை வரிகள் ஓடத் தொடங்கின. தொழுதுவிட்டு வந்து பார்த்தால் முப்பதாவது பொதியில் நின்றிருந்தது. கம்பைலரே உள்ளுக்குள் உடைந்துவிட்டதாக ஒரு வரி. மறுபடி தட்டினேன். இந்த முறை முப்பத்தேழில் நின்றது. மறுபடி. முப்பத்துமூன்று. நிரலில் பிழை இருந்தால் ஒரே இடத்தில்தான் நிற்கவேண்டும். இடம் மாறி மாறி நிற்கிறது என்றால் கோளாறு இரும்பில். கையை வைத்துப் பார்த்தேன். பெட்டி இட்லிப் பானை மாதிரி கொதித்தது. ஜனவரி மாதம், இங்கே உச்சக் கோடை, செவன் ஹில்ஸ், தகரக் கூரை. கணினி அறையின் ஏசி பெயருக்கு ஓடிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் என் மூளை வேலை செய்தது. செய்திருக்கக் கூடாது.

எங்கள் கூடத்தில் நாலு டிகிரியில் ஒரு குளிர் அறை இருந்தது. அறுபது எழுபது போத்தல்கள் தட்டுகளில் நிற்கும். சனிக்கிழமை காலையில் கூடத்தில் அரைவாசிப் பேர்தான் இருப்பார்கள். கணினியைத் தூக்கிக்கொண்டுபோய் ஒரு காலித் தட்டில் வைத்தேன். மின்கம்பியையும் இணையக் கம்பியையும் கதவு வழியாக வெளியே இழுத்துவிட்டு, கதவைச் சாத்தினேன். முழுதாகச் சாத்தவில்லை, கம்பி இருக்கிறதே. ஒரு விரற்கடை இடைவெளி. இவ்வளவு புத்திசாலித்தனம் உலகத்தில் யாருக்கும் வந்திருக்காது என்று நினைத்துக்கொண்டு டீ போடப் போனேன். கம்பைல் எண்பதைத் தாண்டி ஓடியது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

பதினொரு மணிக்குக் குளிர் அறையின் மணி அலறியது. வெளியே அனல், உள்ளே கொதிக்கிற கணினி, நடுவில் திறந்த கதவு. வெப்பத்தைப் பதிவு செய்கிற ஊசி வட்டக் காகிதத்தில் மலை ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு டிகிரி ஏறியிருந்தால் அத்தனை போத்தலையும் கொட்டிவிட்டு, எங்கெங்கோ இருக்கிற பண்ணைக்காரர்களிடம் மறுபடி தண்ணீர் கேட்கவேண்டி வந்திருக்கும். கிரெக் ஓடிவந்தார். தட்டில் உட்கார்ந்திருந்த கணினியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் வாயிலிருந்து வந்ததை நான் எழுதமுடியாது. கடைசியில் "இந்த டெஸ்க்டாப் விளையாட்டு இத்தோடு போதும். திங்கட்கிழமையிலிருந்து மலர் கழுவும் பகுதிக்குப் போகட்டும்" என்றார்.

என் முட்டாள்தனத்துக்கு அந்த மனுஷி தண்டனை வாங்குவதா?

மயூரி வீட்டிலிருந்து வந்து சேர அரை மணி ஆனது. குரலை உயர்த்தவே இல்லை. முதலில் போத்தல்களை ஒன்று விடாமல் சரிபார்க்க வைத்தார். பிறகு எனக்கு ஒரு தாளைத் தந்து, நடந்ததை என் வார்த்தையிலேயே எழுதச் சொன்னார். "நான் கேட்காமல் செய்தேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் அதற்குக் கீழே "என் மேற்பார்வையில் நடந்தது" என்று எழுதித் தானும் கையெழுத்துப் போட்டார். அதை எடுத்துக்கொண்டு கிரெக்கின் அறைக்குப் போனார். கண்ணாடிக்கு வெளியே நின்ற எனக்கு ஒன்றுதான் கேட்டது: தவறு எங்களுடையது, மலருடையது இல்லை, அவருக்குச் சொன்ன தவணை அப்படியே நிற்கவேண்டும். கிரெக் அந்தத் தாளை வாசித்துவிட்டுத் தலையாட்டினார்.

வெளியே வந்ததும் மயூரி என்னிடம், "அங்கிள், பெட்டியைத் திறந்து பார்த்தனீங்களோ?" என்று மட்டும் கேட்டார்.

திறக்கவில்லை. டெலக்ஸ் காலத்திலிருந்து மெஷினோடு மல்லுக்கட்டியவன், திருகாணியைக் கழற்றாமல் குளிர்சாதனம் தேடிப் போயிருக்கிறேன். திறந்தேன். உள்ளே காற்றாடிக்கும் உலோகத் தகடுகளுக்கும் நடுவில் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்தேன். வெப்பம் கடத்துகிற பசை காய்ந்து பொடியாகியிருந்தது. துடைத்துப் புதிதாகத் தடவினேன். மூடாமலே பக்கத்தில் ஒரு மேசை ஃபேனை வைத்துக் கட்டளையைத் தட்டினேன். அந்த வாரம் முழுவதும் ஓடியது, ஒரு தடவையும் நிற்கவில்லை.

எக்ஸ் வந்தது. அதற்கு மேலே டெஸ்க்டாப் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜன்னல்கள் கண்ணாடி மாதிரித் தெரிய வைத்தேன், திரை கனசதுரமாகச் சுழல வைத்தேன், மவுஸ் போகிற இடமெல்லாம் பூதக்கண்ணாடி கூடவே போக வைத்தேன். ஐந்தாவது வாரம் மலர் அக்காவைக் கூப்பிட்டு உட்காரவைத்து எல்லாவற்றையும் சுழற்றிக் காட்டினேன்.

அக்கா பொறுமையாகப் பார்த்தார். "தம்பி, நிப்பாட்டுங்கோ. எனக்குத் தலை சுத்துது, சத்தி வரப்போகுது" என்றார்.

"எழுத்து பெருசா தெரியுதாக்கா?"

"தெரியுது. ஆனா நான் எங்க நிக்கிறன் எண்டு தெரியேல்லை. அந்த எலியைத் தேடவே எனக்கு ஒரு நாள் வேணும். எனக்கு விரல் இருக்கு தம்பி, கண்தான் இல்லை. பழைய திரையையே தாங்கோ. எழுத்து மட்டும் உள்ளங்கை அளவு, மஞ்சள்ல. வேற ஒண்டும் வேண்டாம்."

அத்தனை வாரமாக ஏறியிருந்த கர்வம் இறங்கியது. கனசதுரத்தை எடுத்தேன். கண்ணாடி ஜன்னல்களை எடுத்தேன். பட்டைகள், படங்கள், பின்புலம் எல்லாவற்றையும் எடுத்தேன். கடைசியில் மிஞ்சியது திரை முழுக்க, எழுத்து மட்டும் ஓடுகிற ஒரே ஒரு முனையம்: கறுப்பின்மேல் மஞ்சள், ஒரு வரிக்கு இருபது எழுத்து. எக்ஸ் அவ்வளவு பாடுபட்டு வந்தது, எக்ஸ் இல்லாத காலத்துத் திரையைப் பெரிதாகக் காட்டுவதற்கு. அக்கா உட்கார்ந்தார். முதுகு நிமிர்ந்திருந்தது. மழை மறுபடி பெய்தது.

இத்தோடு நிறுத்தியிருந்தால் நான் சாகுல் இல்லையே. கிரெக் சோதித்துப் பார்க்க வருகிற நாளுக்கு முந்தின நாள், எக்ஸுக்குப் புதிய பதிப்பு வந்திருப்பதைப் பார்த்து அதையும் கட்டிவிட்டேன். காலையில் கிரெக் வந்து நின்றார், மயூரி நின்றார், அக்கா உட்கார்ந்தார். திரை மஞ்சளாக மலர்ந்தது. கீபோர்டைத் தட்டினால் ஒன்றும் விழவில்லை. மவுஸும் செத்துக் கிடந்தது. டெஸ்க்டாப் எங்களைப் பார்க்கிறது, நாங்கள் அதைப் பார்க்கிறோம்.

மயூரி கையைக் கட்டிக்கொண்டு, "அங்கிள், நேற்று கம்பைல் முடியேக்க கடைசியில என்ன சொன்னது?" என்றார்.

எழுதிவைக்கவில்லை. வீட்டுக்குப் போகிற அவசரத்தில் வாசிக்கக்கூட இல்லை. என் கணினியிலிருந்து வலை வழியாக அந்தக் கணினிக்குள் நுழைந்து பதிவைத் தேடினேன். இருந்தது. எக்ஸ் மாறினால் கீபோர்டையும் மவுஸையும் பேசவைக்கிற நிரல்களையும் திரும்பக் கட்டவேண்டும் என்று அது எனக்கு நேற்றே சொல்லியிருக்கிறது. கட்டளை தெரியும், பத்து நிமிடம் ஆகும். கிரெக்கிடம் அதைச் சொன்னேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அந்தப் பத்து நிமிடத்தில் நான் ஓதாத துஆ இல்லை.

மலர் அக்கா மட்டும் பதறவில்லை. "கிரெக், நீங்க நிண்டுகொண்டு இருக்காதீங்கோ" என்று ஆங்கிலத்தில் சொல்லி ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். ஏதோ விருந்தாளி வந்திருக்கிற மாதிரி அவர் பிள்ளைகளின் படிப்பை விசாரித்தார்.

கீபோர்டு உயிர் பெற்றது. முப்பது போத்தல். ஒவ்வொன்றின் ஒட்டுச்சீட்டையும் கையில் வைத்திருந்த உருப்பெருக்கியால் பார்த்து, தட்டி, தட்டியதைத் திரையில் ஒரு தடவை வாசித்து உறுதிசெய்து வைத்தார். மற்றவர்களைவிடக் கொஞ்சம் மெதுவாகத்தான். கிரெக் தாளோடு ஒப்பிட்டார். ஒரு பிழையும் இல்லை. "மேசை உங்களுடையது, மலர்" என்று சொல்லிவிட்டு நடந்தவர், திரும்பி வந்து திரையைத் தூரத்திலிருந்து ஒரு தடவை பார்த்து, என்னிடம் மெல்லிய குரலில், "என் அறைக் கணினியிலும் இந்த எழுத்து வருமா?" என்று கேட்டார்.

சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஒளிக்க என்ன இருக்கிறது. ஆனால் அக்கா கேட்டது இரண்டில் ஒன்றுதான் முடிந்திருந்தது. சாப்பாட்டு நேரத்தில், அதே திரையில் உலாவியைத் திறந்து தங்கையின் கடிதத்தை எடுத்தோம். பெரிதாகத்தான் வந்தது. பெரிது பெரிதாக, மஞ்சள் மஞ்சளாக, வெறும் கட்டங்கள். ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை.

அக்கா ஓரக்கண்ணால் பார்த்தார். "இது என்ன தம்பி, யன்னல் யன்னலா?"

நான் நோட்டைத் திறந்தேன். மொழிகள்: ஆங்கிலம் மட்டும். பக்கத்தில் பென்சில் கேள்விக்குறி. தமிழ் எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளை அங்கே குறி போட்டிருக்கிறது. வாரா வாரம் அந்தத் தமிழ்க் கடிதத்தை வாசித்துக்கொண்டிருந்த நான், கழித்தல் போட்டு அதை வெட்டியிருக்கிறேன். யாரோ வெள்ளைக்காரன் தமிழை விட்டுவிட்டான் என்று திட்டவும் வழியில்லை. வெட்டியது என் கைதான். மயூரியிடம் நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் சிரித்தார். "நான் கேட்டனான்தானே அங்கிள்" என்றார். நானும் சிரித்துவிட்டேன். அன்றைக்குத்தான் முதன்முதலாக, இருமாமல், "மயூரி" என்று கூப்பிட்டேன்.

தமிழைச் சேர்த்தேன். எழுத்துரு போட்டேன். எழுத்துகளைக் கோக்கும் நூலகத்துக்கு முன்னாலிருந்த கழித்தலை எடுத்தேன். அதற்காக உலாவியை முழுசாகத் திரும்பக் கட்டவேண்டியிருந்தது. அந்தக் கணினிக்கு அது ஒரு முழு வேலைநாள். முடிந்ததும் கடைசி வரிகளை ஒன்று விடாமல் நோட்டில் எழுதினேன். மயூரி ஒரு குறியும் போடவில்லை.

மறுநாள் மதியம் அக்கா சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே மேசையில் உட்கார்ந்தார். நான் கடிதத்தைத் திறந்து வைத்தேன். "அன்புள்ள அக்காவுக்கு" என்று உள்ளங்கை அளவில் மஞ்சளாக வந்து நின்றது. அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஓரப் பார்வையால் அந்த வரியைத் தடவுவதுபோல மெதுவாக வாசித்தார். உதடு அசைந்தது. நான் பின்னால் நின்றுகொண்டு, எழுத்தெல்லாம் ஒழுங்காக வருகிறதா என்று அடுத்த வரியைப் பார்க்கப் போனேன்.

"தம்பி, எழுத்து சரியா இருக்கோ?"

"சரியா இருக்குக்கா."

"அப்ப நீங்க அங்கால போங்கோ. இது எனக்கு வந்த கடிதம்."

போனேன். பல மாதங்களுக்குப் பிறகு முதல்தடவையாக என் சாப்பாட்டை நான் மட்டும் உட்கார்ந்து சாப்பிட்டேன். கொஞ்ச நேரத்தில் வாசல் பக்கமிருந்து அக்கா சிரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அப்புறம் மறுபடி சிரிப்பு. தங்கை என்ன எழுதியிருந்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.